கண்ணாடி ஓடும் பழுப்பு இறக்கையும்

குமாரபாளையம்
11-11-2024

அன்புள்ள நித்யஸ்ரீக்கு,

உங்கள் வீட்டு மின்விசிறியில் இரண்டு இறக்கை வெள்ளை, ஒன்று பழுப்பு. போன் வகுப்பு தொடங்கிய முதல் நாளே, உன் பெயர் போட்ட கட்டத்தில் அதைக் கவனித்துவிட்டேன். வேகமாகச் சுற்றும்போது தெரியாது. கரண்ட் போய் மெல்ல நிற்கும்போதுதான் பழுப்பு இறக்கை தனியாகத் தெரியும். இன்றைக்கு வகுப்பில் அந்தக் கட்டம் இல்லை. திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். எல்லாக் கட்டத்திலும் முகங்கள்தான் இருந்தன.

நான் யார் என்று யோசிப்பாய். சேர்க்கை நாளில் சேலத்தில் மாடிக் கூடத்தில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பச்சைத் துப்பட்டா. நீ ஆரஞ்சு உரித்துப் பாதியை என் கையில் வைத்தாய். நான் நன்றி சொல்லவில்லை, எனக்கு வாய் வராது. போகும்போது என் சேர்க்கைச் சீட்டின் பின்னால் உன் முகவரியை எழுதி, "போன்ல கூப்பிட்டா எங்கம்மா எடுக்கும், லெட்டர் போடு" என்று சிரித்தாய். விளையாட்டுக்குத்தான் சொல்லியிருப்பாய். ஆனால் எனக்கும் வேறு வழியில்லை. போன் அத்தாவுடையது, எங்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்போம். அத்தாவுக்கு லுங்கி, துண்டு மொத்த வியாபாரம். பகலெல்லாம் போன் கடையில் இருக்கும், சாயங்காலம் வகுப்புக்கு மட்டும் வீட்டுக்கு வரும். அதில் நான் என்ன அனுப்பினாலும் மறுநாள் கடையில் வேலை பார்க்கும் சிவக்குமார் அண்ணன் படிப்பார்.

வகுப்பில் கேமரா திறந்திருக்க வேண்டும் என்பதுதான் விதி. முகம் தெரிய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் நான் போனை மல்லாக்க வைத்துவிடுவேன். நீயும் அப்படித்தான். கூரையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு.

போன சனிக்கிழமைத் தேர்வுக்குப் பிறகு எல்லாரையும் பிரித்துவிட்டார்கள். சௌந்திரம் மிஸ் சொன்னது உனக்கும் கேட்டிருக்கும்: "தெரிஞ்சதையே திரும்பச் சொன்னா உங்களுக்குத் தூக்கம் வரும். தெரியாததைச் சொல்லாம விட்டா பரீட்சையில அழுகை வரும். அதனாலதான் பிரிக்கிறேன் சாமி." என்னை மல்லிப் பிரிவில் போட்டிருக்கிறார்கள். நீ எங்கே இருக்கிறாய்?

பதில் போட முடிந்தால் போடு. முடியாவிட்டால் பரவாயில்லை.

ஷைமா


கருங்காட்டுத்தோட்டம், திருச்செங்கோடு வழி
16-11-2024

ஏ மல்லிக்காரி,

உன் லெட்டரைப் போஸ்ட்மேன் பால் சொசைட்டியில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். எங்கள் தோட்டம் வரைக்கும் அவர் வருவதில்லை. பால் ஊற்றப் போன அம்மா அதை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு, வழியெல்லாம் பயந்துகொண்டே வந்திருக்கிறாள். "ஏஞ்சாமி, கோர்ட்டுக் காயிதமா என்னன்னு பாரு. உங்கப்பன் வண்டி எங்கயாச்சும் இடிச்சுப்போட்டுதா?" அப்பா ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு வடக்கே போயிருக்கிறார். போர் போட்டுக்கொண்டே போய், அங்கே மழைக்காலம் வந்தால்தான் திரும்புவார். அதனால் எந்தக் காகிதம் வந்தாலும் அம்மாவுக்கு அப்பா நினைப்புத்தான்.

அந்தப் பழுப்பு இறக்கை பழைய ஃபேனுடையது. வெள்ளையை வளைத்தது நான்தான், ஊஞ்சல் கயிற்றை மேலே வீசி. இத்தனை வருஷத்தில் எங்கள் ஊட்டுக்கு வந்த சொந்தக்காரர் ஒருத்தரும் அதைக் கேட்டதில்லை.

உன் கட்டமும் எனக்குத் தெரியும். ஓட்டுக்கு நடுவில் ஒரு கண்ணாடி ஓடு. வகுப்பு ஆரம்பிக்கும்போது அதில் கொஞ்சம் வெளிச்சம் இருக்கும், முடியும்போது கருத்திருக்கும். ஒரு நாள் அதன்மேல் பூனை நடந்து போனது. யார் வீடு என்று தெரியாமலே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் செவ்வந்தி. பின்னம் தெரியாதவர்கள் எல்லாம் செவ்வந்தி. பூப்பேர் வைத்தால் எங்களுக்குப் புரியாது என்று நினைத்துக்கொண்டார்கள். "மல்லிக்கு மார்ச்சுல பரீட்சை, செவ்வந்திக்கு அப்பறம் பார்க்கலாம்" என்று முதல் நாளே ஒருத்தி சொல்லிவிட்டாள். நீ மேலே, நான் கீழே. வருத்தம் ஒன்றும் இல்லை. இல்லை, இருக்கிறது. எழுதிய பிறகு அடிக்க மனசில்லை.

நான் ஏன் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்று நீ கேட்கவில்லை, அதனால் சொல்கிறேன். ஒன்பதாவதில் காலைப் பிரேயரில் விழுந்தேன். வலிப்பு. இரும்பைப் பிடித்தால் நிற்கும் என்று ஆபீஸ் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்களாம். கண் விழித்தபோது உள்ளங்கையில் சாவிப் பல் பதிந்திருந்தது. அதற்கப்புறம் நான் வராண்டாவில் நடந்தால் யாராவது சாவியை ஆட்டுவார்கள். சைக்கிள் சாவி, பீரோ சாவி, என்ன கிடைக்கிறதோ அது. யாரும் ஒரு வார்த்தை திட்டியதில்லை. சத்தம் மட்டும்தான். பொங்கல் லீவுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை.

இப்போது மாத்திரை சாப்பிடுகிறேன். நன்றாக இருக்கிறேன். எருமைக்கும் எனக்கும்தான் பேச்சு.

பாதியையும் மூன்றில் ஒன்றையும் கூட்டினால் ஐந்தில் இரண்டு வரக்கூடாதாம். ஏன் வரக்கூடாது? வீடியோவை நாலு தடவை பார்த்துவிட்டேன். மல்லிக்காரிக்குத் தெரிந்தால் சொல்லட்டும்.

நித்யா


குமாரபாளையம்
21-11-2024

அன்புள்ள நித்யாவுக்கு,

ஒரு துண்டை எடுத்துக்கொள். பெரிய குளியல் துண்டு. அதைப் பாதியாக மடித்தால் ஒரு மடிப்பின் அளவு வேறு, மூன்றாக மடித்தால் ஒரு மடிப்பின் அளவு வேறு. அளவு வேறாக இருக்கும் இரண்டை ஒன்றாக எண்ண முடியாது. எங்கள் கடையில்கூடச் சின்னத் துண்டையும் பெரிய துண்டையும் ஒரே கட்டில் போட மாட்டார்கள். அதனால் அதே துண்டை ஆறாக மடி. பாதி என்பது மூன்று மடிப்பு. மூன்றில் ஒன்று என்பது இரண்டு மடிப்பு. இப்போது எண்ணு. ஆறில் ஐந்து. நீ சொன்ன ஐந்தில் இரண்டு பாதியைவிடச் சின்னது. பாதியோடு ஒன்றைச் சேர்த்தால் அது எப்படிக் குறையும்?

அந்தச் சாவிச் சத்தத்தைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கடிதத்தைப் படித்த அன்று அம்மா பீரோவைத் திறந்தார். எனக்கு எழுந்து வெளியே போக வேண்டும் போல இருந்தது.

என் கதை சின்னது. நாங்கள் முதலில் சேலம் அம்மாபேட்டையில் இருந்தோம். அத்தா வியாபாரத்துக்காக இங்கே வந்தபோது வருஷத்தின் நடு. பள்ளிக்கூடத்தில் வாங்கிய டி.சி. பீரோவில் இருந்தது. "அடுத்த ஜூன்ல சேர்த்துரலாம்" என்றார்கள். ஜூனில் அம்மாவுக்கு ஆபரேஷன். அதற்கடுத்த ஜூனில் என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும் என்று நினைத்ததுமே காய்ச்சல் வந்தது. யாரும் என்னை நிறுத்தவில்லை. யாரும் சேர்க்கவும் இல்லை.

இந்த வகுப்பை அத்தாதான் விசாரித்துச் சேர்த்தார். "இந்த ஒரு வருசம் சாயங்காலம் போனைத் தாரேன். பாம்பேக்காரன் கூப்பிட்டாலும் பொறுத்துக்கறேன். நீ பத்தாவது எழுதி முடிச்சிரும்மா" என்றார். ஒரு வருஷம் என்றுதான் சொன்னார். அடுத்த வருஷத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

மல்லியில் எல்லாரும் முகம் காட்டுகிறார்கள், வேகமாகப் பேசுகிறார்கள், மிஸ் கேட்டு முடிப்பதற்குள் விடை சொல்கிறார்கள். எனக்கும் விடை தெரியும். மைக்கைத் திறந்தால் பின்வீட்டு விசைத்தறி டக்டக் என்று அடிக்கும், அதனால் திறப்பதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நேற்று தறிக்கு லீவு. அப்போதும் திறக்கவில்லை. முன்பு பாடம் புரியாவிட்டாலும் பழுப்பு இறக்கை இருக்கும். இப்போது பாடம் புரிகிறது.

முப்பதாம் தேதித் தேர்வுக்கு ஒரு யோசனை வைத்திருக்கிறேன். என்ன என்று சொல்ல மாட்டேன்.

ஷைமா


கருங்காட்டுத்தோட்டம்
26-11-2024

ஷைமா டீச்சரம்மாவுக்கு,

ஊட்டில் இருந்த துண்டு எல்லாவற்றையும் மடித்தாகிவிட்டது. அம்மா தவிட்டுக் கையோடு வாசற்படியில் நின்று பார்த்தாள். "ஏஞ்சாமி, அந்தத் துண்டை எத்தனை வாட்டி மடிப்ப? அதென்ன கூறைச் சேலையா?" நான் ஆறில் ஐந்து என்றேன். "ஆறுல அஞ்சு போனா ஒண்ணு. இதுக்கு ஒரு போனு, ஒரு வகுப்பு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஆனால் மறுநாள் துவைத்த துண்டுகளை அவளே கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள்.

பின்னம் வந்ததும் விகிதம் வந்தது. விகிதம் வந்ததும் முக்கோணமும் பாதி வந்தது. இத்தனை நாள் ஒரு கதவைத் தப்பான பக்கம் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

உனக்கு மட்டும்தான் யோசனை இருக்குமா? எனக்கும் ஒன்று இருக்கிறது. கேட்காதே. டிசம்பர் முதல் வகுப்பில் உன் கண்ணாடி ஓட்டைத் துடைத்து வை.

நித்யா


குமாரபாளையம்
3-12-2024

அன்புள்ள நித்யாவுக்கு,

உன் கடிதம் தேர்வு முடிந்த பிறகுதான் கைக்கு வந்தது. நீ என்ன யோசனை வைத்திருந்தாய் என்று இப்போது தெரிகிறது.

என் யோசனையைச் சொல்லிவிடுகிறேன். நான் செவ்வந்திக்கு வரலாம் என்று நினைத்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் சரியான விடை எது என்று பார்த்து, அதை விட்டுவிட்டு வேறொன்றை அழுத்தினேன். எத்தனை தப்பு இருந்தால் ஒரு படி இறங்கும் என்று எனக்குத் தெரியாது. யாரைக் கேட்பது? அதனால் எல்லாவற்றையும் தப்பாக எழுதினேன்.

செவ்வந்திக்குக் கீழே இன்னொரு பிரிவு இருக்கிறது என்று உனக்குத் தெரியுமா? அதன் பெயர் மொட்டு. அங்கே வகுப்பு இல்லை, மிஸ் இல்லை, கட்டங்கள் இல்லை. ‘உனக்கான பாடம்’ என்று ஒரு பொத்தான் மட்டும் இருக்கிறது. அழுத்தினால் ஒரு பச்சைக்கிளி வந்து, "குட்டிச் செல்லமே, என்னிடம் நாலு கொய்யாப்பழம் இருக்கு!" என்கிறது. சரியாக அழுத்தினால் "சபாஷ்!" என்று இறக்கையைத் தட்டுகிறது. தள்ளிவிட்டுப் போக முடியாது. முழுவதும் பார்த்தால்தான் அடுத்தது திறக்கும். நேற்று அம்மா எட்டிப் பார்த்து, "தங்கச்சிக்குப் போட்டுவிட்டியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தங்கச்சி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது பாலர் வாடியில பார்த்தாச்சு" என்று எழுந்து போய்விட்டாள். நானும் கிளியும் இருந்தோம்.

நீ மல்லிக்குப் போய்விட்டாயா? போயிருந்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

ஷைமா


கருங்காட்டுத்தோட்டம்
6-12-2024

ஷைமா,

போய்விட்டேன். திங்கட்கிழமை சாயங்காலம் முகம் கழுவி, பவுடர் போட்டுக்கொண்டு, கேமராவை மேலே திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கூரையைக் காட்டுகிறவளுக்குப் பவுடர் எதற்கு என்று அம்மா கேட்டாள். ஒவ்வொரு கட்டமாகத் தேடினேன். கண்ணாடி ஓடு இல்லை. கரண்ட் இல்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். செவ்வாயும் இல்லை. இன்றைக்கு உன் லெட்டர் வந்தது.

நீ எனக்காக இறங்கினாய் என்று நான் அழுதுவிடுவேன் என நினைத்தாயா? எனக்குக் கோபம்தான் வருகிறது. துண்டை மடிக்கச் சொல்லிக் கொடுத்தாய். மடித்து மடித்துக் கை சிவந்து மேலே வந்தேன். ஆனால் நான் வருவேன் என்று நீ ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. நினைத்திருந்தால் அங்கேயே காத்திருப்பாய். நித்யாவால் ஏற முடியாது, நாம் இறங்கிவிடுவோம், அதுதானே? சாவியை ஆட்டினவர்களுக்கும் என்மேல் இதே நினைப்புத்தான்.

ஜனவரியில் தனித்தேர்வர் விண்ணப்பம் போட வேண்டும். மல்லியில் இருப்பவர்கள் பெயரை மட்டும்தான் மிஸ் பட்டியலில் சேர்ப்பாராம். நேற்றுச் சொன்னார். உன் அத்தா தருவேன் என்றது ஒரு வருஷம். கிளியோடு கொய்யாப்பழம் எண்ணிக்கொண்டிரு.

இப்போதைக்கு எழுத வேண்டாம்.

நித்யஸ்ரீ


குமாரபாளையம்
20-12-2024

நித்யா,

எழுத வேண்டாம் என்றாய். இரண்டு வாரம் எழுதவில்லை. இதைப் படிக்காவிட்டாலும் போகட்டும், எருமைக்குப் படித்துக் காட்டு.

நீ சொன்னது சரி. நீ ஏறுவாய் என்று நான் நினைக்கவில்லை. நான் என்னைப் பற்றி மட்டும்தான் நினைத்தேன். அந்த முகங்களுக்கு நடுவில் இருக்கப் பயமாக இருந்தது. அதற்கு உன் பெயரைச் சொல்லிக்கொண்டேன்.

பதினாலாம் தேதித் தேர்வில் எல்லாவற்றையும் சரியாக எழுதினேன். மல்லிக்கு வந்துவிடுவேன் என்று நம்பினேன். ஆனால் ஒரு தேர்வுக்கு ஒரு படிதான் ஏற்றுமாம். ஏற்றம் என்றால் ஒரு படி, இறக்கம் என்றால் எத்தனை வேண்டுமானாலும். இப்போது செவ்வந்தியில் இருக்கிறேன். நீ இருந்த இடம். இங்கே பின்னம் நடக்கிறது. அந்த வீடியோவைப் பார்த்தேன், நீ நாலு தடவை பார்த்தது. அதில் துண்டு இல்லை, ஒரு வட்டத்தைத்தான் வெட்டுகிறார்கள். அதை நாலு தடவை நீ தனியாகப் பார்த்திருக்கிறாய். உனக்குப் புரியாததில் தப்பே இல்லை.

அடுத்த தேர்வு ஜனவரி பதினொன்று. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அதற்கு முன்பே வந்துவிடும். மிஸ்ஸிடம் சொன்னால் மாற்றுவாரோ என்னவோ. ஆனால் என்னவென்று சொல்வது? வேண்டுமென்றே தப்பாக எழுதினேன் என்று, எல்லாக் கட்டங்களும் பார்த்துக்கொண்டிருக்கும்போது? மைக் பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு வகுப்பு முழுவதும் இருந்தேன். வகுப்பு முடிந்தது.

அத்தா நேற்றுச் சாப்பிடும்போது, "பரீட்சைக்கு எந்த ஊரும்மா போகணும்? நான் அன்னைக்குக் கடையைச் சிவக்குமார்கிட்ட விட்டுட்டு வாரேன்" என்றார். அம்மா, "முதல்ல தேதி வரட்டும், அதுக்குள்ள வண்டி ஏறாதீங்க" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் தண்ணீர் எடுக்க எழுந்தேன்.

உனக்குக் கோபம் போகாவிட்டாலும் நன்றாக இருக்கிறாய் என்று மட்டும் ஒரு வரி எழுது.

ஷைமா


கருங்காட்டுத்தோட்டம்
28-12-2024

ஷைமா,

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். முதல் வாரம் கோபத்தில் எழுதவில்லை. அடுத்த வாரம் கையில் தெம்பில்லை.

பன்னிரண்டாம் தேதி வகுப்பில் விழுந்துவிட்டேன். பவுடர் போட்டதைப் பார்த்து யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்கிறாள் அம்மா. நான் மாத்திரையை இரண்டு நாள் மறந்துவிட்டேன், அதுதான் காரணம். அம்மா பால் ஊற்றப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது நான் தரையில் கிடந்தேனாம். போனில் மிஸ் குரல் கேட்டுக்கொண்டிருந்ததாம். "நித்யஸ்ரீ, விடை என்னம்மா? நித்யஸ்ரீ? கேக்குதா சாமி?" அப்புறம், "நெட்டு இல்ல போல" என்று சொல்லிவிட்டு அடுத்தவளிடம் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் கட்டத்தில் என்ன தெரிந்திருக்கும்? ஃபேன் அழகாகச் சுற்றிக்கொண்டிருந்திருக்கும்.

அதைத்தான் நாலு நாள் படுத்துக்கொண்டு நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் பார்த்தார்கள் என்று ஓடி வந்தேன். இங்கே ஒருத்தரும் பார்க்கவில்லை. எது கஷ்டம் என்று கேட்டால், சாவிச் சத்தமே பரவாயில்லை என்பேன். அப்போது யாரோ என் கையையாவது பிடித்தார்கள்.

மிஸ்ஸுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். இப்போது கேமராவை நேராக வைக்கிறேன். முதல் நாள் முதுகெல்லாம் வேர்த்துவிட்டது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருத்தி மட்டும், "உங்க ஊட்டு எருமை பின்னாடி எட்டிப் பார்க்குது" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

இதைக் கவனமாகப் படி. வியாழக்கிழமை நிகழ்தகவுப் பாடம். மிஸ் சொன்னார்: "நம்ம தேர்வுல ஒரு கேள்விக்கு நாலு விடை. ஒண்ணுமே தெரியாத பொண்ணு கண்ணை மூடிட்டு அழுத்தினாலும் இருபதுல நாலஞ்சு தானாச் சரியா விழுந்துரும். ஆனா ஒரு பொண்ணுக்கு ஒண்ணுகூடச் சரியா விழல. அப்படின்னா என்ன அர்த்தம்?" நான்தான் சொன்னேன். "அந்தப் பொண்ணுக்கு எல்லாமே தெரியும்ங்க மிஸ்." மிஸ் தலையாட்டினார். பிறகு சொன்னார்: "அந்தத் தேர்வைப் பார்த்த அன்னைக்கே அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போன் போட்டேன். யாரோ ஒரு ஆளு எடுத்து, லுங்கி எத்தனை கட்டு வேணும்ங்கறாரு. மறுநாளும் அவரேதான். சனிக்கிழமை காலையில நான் வகுப்பு இல்லாம லிங்க்கைத் திறந்து வெச்சிட்டு உட்கார்ந்திருப்பேன். யாரு வேணாலும் வந்து பேசலாம்."

உன் பெயரை நான் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாந்தேன் என்று நினைக்காதே. பொங்கலுக்கு மேல் பிரிவே இல்லையாம். ஒவ்வொருத்தருக்கும் அவரவர் தேர்வைப் பார்த்துத் தனித்தனிப் பாடமாம், தனித்தனி நேரமாம். அதனால் நீ மல்லிக்கு வந்தாலும் நான் அங்கே இருக்க மாட்டேன். பழுப்பு இறக்கை இருக்காது. வருவதாக இருந்தால் எனக்காக வராதே.

கோபம் போய்விட்டது. கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அதைப் பரீட்சை முடிந்து நேரில் பார்க்கும்போது காட்டுகிறேன்.

நித்யா


குமாரபாளையம்
4-1-2025, சனிக்கிழமை

அன்புள்ள நித்யாவுக்கு,

திங்கட்கிழமை அத்தாவோடு ஸ்டுடியோவுக்குப் போகிறேன். பாஸ்போர்ட் அளவில் இரண்டு படம் வேண்டும் என்று மிஸ் கேட்டிருக்கிறார். இரண்டு காதும் தெரிய வேண்டுமா, முக்காடு போட்டிருக்கலாமா என்று அம்மா என்னிடம் கேட்கிறார், எனக்கு என்ன தெரியும்?

இன்றைக்குக் காலையில் நடந்ததை உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. மாத்திரையை மறக்காதே என்று எழுதத்தான் முதலில் காகிதம் எடுத்தேன். அதற்கு மேல் ஓடவில்லை. நீ விழுந்து கிடந்த நேரத்தில் நான் கிளிப் பாடம் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். நான் மல்லியிலேயே இருந்திருந்தால், அந்த ஃபேனை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும் ஒருத்தி அங்கே இருந்திருப்பாள். உன் ஃபேன் சுற்றும்போது நீ பதில் சொல்லாமல் இருந்ததே இல்லை என்று எனக்குத் தெரியும். நான் சத்தம் போட்டிருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். போட்டிருப்பேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதுதான் இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை.

இன்றைக்குக் காலையில் அத்தா செருப்பு மாட்டும்போது, "அத்தா, போன் வேணும்" என்றேன்.

"இப்பவா? சனிக்கிழமை லோடு ஏத்தற நாளும்மா. ஈரோட்டுக்காரன் நிமிசத்துக்கு ஒரு தடவை கூப்பிடுவான்."

"மிஸ்கிட்ட பேசணும்."

"நீயா? பேசணுமா?" அத்தா செருப்பைக் கழற்றிவிட்டு அம்மாவைப் பார்த்தார். "பஷீரா, இவளுக்கு உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கா. குடுங்களேன். உங்க ஈரோட்டுக்காரன் ஒரு மணி நேரம் பேசாம இருந்தா நாடு நல்லாயிருக்கும்" என்றார் அம்மா.

அத்தா போனை என் கையில் வைத்தார். "ஈரோட்டுக்காரன் கூப்பிட்டா மட்டும் எடுத்து, ஏத்தியாச்சுன்னு சொல்லிரு. ஏத்தலைன்னாலும் ஏத்தியாச்சுன்னு சொல்லு."

ஓட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பின்வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. லிங்க்கை அழுத்தினேன். பழக்கத்தில் போனை மல்லாக்க வைத்துவிட்டேன். திரையில் இரண்டே கட்டங்கள். ஒன்றில் மிஸ், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மற்றதில் எங்கள் கூரை. காலை வெயிலில் கண்ணாடி ஓடு எவ்வளவு வெளிச்சமாக இருக்கும் என்று நான் அதுவரை பார்த்ததே இல்லை. சாயங்காலத்து ஓட்டைத்தான் உனக்கும் தெரியும்.

மிஸ் நிமிர்ந்து பார்த்தார். "கண்ணாடி ஓடு" என்றார். "வாம்மா ஷைமா. போன சனிக்கிழமையும் வழி பார்த்துட்டிருந்தேன்."

நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். மிஸ்ஸே பேசினார்.

"தெரியாததைக் கண்டுபிடிச்சு அதுக்கு ஏத்த மாதிரிப் பாடம் தரத்தான் இந்தத் தேர்வெல்லாம் வெக்கிறோம். நீ தெரிஞ்சதை மறைச்சா நாங்க என்னத்தைத் தர்றது சாமி? கிளியத்தான் தர முடியும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்குத் தெரியாது, மேலே ஓடுதானே தெரிகிறது.

"பட்டியல் புதன்கிழமை போகுது. உன்னச் சேர்க்கணும்னா எனக்கு ஒண்ணு தெரியணும். அஞ்சு கணக்கு கேக்கறேன், வாயால சொல்லணும். சொல்றது நீதானான்னு நான் பார்க்கணும். முடியுமா? முடியலைன்னா சொல்லு, திட்ட மாட்டேன்."

தறி அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு கட்டங்கள்தான். பழுப்பு இறக்கை இல்லை. அது வராது என்று நீ எழுதியிருந்தாய். ஆனாலும் நான் ஒரு தடவை திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன்.

பிறகு போனை எடுத்து ஜன்னல் கம்பியில் சாய்த்து, முகத்துக்கு நேராகத் திருப்பி, மைக்கைத் திறந்தேன்.

ஷைமா